எலிக்கு ஆறு, மனிதனுக்குப் பன்னிரண்டு

முன்னூற்றுப் பதினேழாம் எலியின் பின்னங்காலை இரண்டு விரல்களில் பிடித்துக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மருந்து பூசி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு கரும்புள்ளிகூட இல்லை. எலி காலை உதறிவிட்டு என் கையுறையிலேயே மூத்திரம் பெய்தது. இந்த ஜெனிஷாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், லேபிலும் சொல்வார்கள். அன்று எனக்கு அந்த எலியை எடுத்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

"மேடம்! காஞ்ச கால்! முன்னூத்திப் பதினேழு காஞ்ச கால்!"

"கத்தாத, மத்த எலியெல்லாம் பயந்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் வழிகாட்டி அஃப்ஷீன் மேடம் ஓட்டமாகத்தான் வந்தார். லென்ஸில் கண்ணை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எலிக்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும்தான் வேர்க்கும். பாதத்தில் அயோடின் பூசி, அது உலர்ந்ததும் விளக்கெண்ணெயில் குழைத்த மாவைத் தடவினால், வேர்வை கசியும் துளை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி வரும். இரண்டரை வருஷத்துக்கு முன் எங்கள் எலிக்கூடத்தில் புள்ளியே விழாத எலி ஒன்று தானாகப் பிறந்தது. அதை வேறு வம்சத்து எலிகளோடு சேர்த்து, குட்டிகள், குட்டிகளின் குட்டிகள் என்று நானூற்றுச் சொச்சம் எலிகளின் பாதங்களுக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் அம்மா இதை "மெடிக்கல் லைன்" என்று சொல்லிச் சமாளித்தார்.

வேர்வையைக் கெடுக்கும் ஜீன் எலியின் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது என்பது ஒரு வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. அதில் எந்த இடம் என்பதுதான் தகராறு. ஆறாவதின் நடுப்பகுதியில் இருக்கும் ஜீன்கள் மனிதர்களிடம் மூன்றாவது குரோமோசோமில் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பகுதியில் இருப்பவை மனிதர்களிடம் பன்னிரண்டாவதில் இருக்கின்றன. நடுவா, கடைசியா? விந்தணுவும் முட்டையும் உண்டாகும்போது குரோமோசோம்கள் ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொள்ளும். பஸ்ஸில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்தவர்களைப்போல, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஜீன்கள் பிரிவது அபூர்வம். அந்த அபூர்வம் நடந்த எலிதான் முன்னூற்றுப் பதினேழு. அதன் கடைசிப் பகுதி இரண்டு பிரதியிலும் வேர்க்காத வம்சத்துடையது. நடுப்பகுதியில் ஒரு பிரதி நல்ல வம்சத்துடையது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே வேர்க்கும் என்பதால், பாதம் வேர்த்தால் ஜீன் நடுவில், வேர்க்காவிட்டால் கடைசியில்.

வேர்க்கவில்லை.

"அப்ப மனுஷங்களுக்குப் பன்னெண்டு" என்றேன்.

"எலி அப்படித்தான் சொல்லுது. ஆனா உன் காங்கேயத்துக் குடும்பம் மூணுன்னு சொல்லுதே?" என்றார் மேடம்.

அந்தக் குடும்பத்தைச் சொல்லவேண்டும். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் ஆலையில் மிஷின் பார்க்கிறவன் கதிர். பிறந்ததிலிருந்து வேர்வை என்றால் என்னவென்றே தெரியாது. கழுத்தில் எந்நேரமும் ஈரத்துண்டு. இரண்டு முறை வெயிலில் மயங்கி விழுந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தான். அவன் தங்கைக்கும் பவானியில் இருக்கும் பெரியம்மா மகனுக்கும் அதே கதை. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம்.

ஜீன் எல்லோருக்கும் இரண்டு பிரதி. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒன்று கெட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, வேர்க்கும். இரண்டும் கெட்டிருந்தால்தான் வேர்க்காது. ஒரே பாட்டன் வழியாக இறங்கி வந்த கெட்ட பிரதி என்பதால், வேர்க்காதவர்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஒரே துண்டு இரண்டு பிரதியிலும் இருக்கவேண்டும். அந்தத் துண்டைக் கண்டுபிடித்தால் ஜீன் இருக்கும் இடம் கிடைத்துவிடும்.

உறவெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று பங்குனியில் அவர்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிய நாளன்று போனேன். காலையிலிருந்து பதினெட்டுப் பேருக்கு எச்சில் மாதிரி எடுத்தேன், உள்ளங்கையில் அயோடினும் எண்ணெய்மாவும் தடவிப் பார்த்தேன். கடைசியில் வந்தவர் வெங்கடம்மாள். கதிரின் தாய்மாமன் சென்னியப்பனின் மனைவி. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து நீட்டினார். ஒரு புள்ளி விழவில்லை.

நாலாவது ஆள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே, அத்தனை உறவுக்கும் நடுவே, "அம்மாவுக்கும் வேர்க்காதுங்க!" என்று கூவிவிட்டேன். வெங்கடம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்து, "அப்புடீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

சென்னியப்பன் பந்தலோரம் வந்து கேட்டார். "ஏனுங்க அம்மணி, இவளுக்கு அப்புடின்னா இவ மகளுக்கு?"

"ஒரு பிரதி கண்டிப்பா இருக்கும்ங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கட்டிக்கறவர் வேர்க்காதவரா இருந்தா, பொறக்கற குழந்தைங்கள்ல பாதிக்குப் பாதி வேர்க்காமப் போகலாம்."

பாடம் நடத்துவதைப்போல் பெருமையாகச் சொன்னேன். அந்த மகள் இனியாவைக் கதிருக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது எனக்குத் தெரியாது. இருவரும் ஆறு வருஷமாக ஆசைப்பட்டவர்கள் என்பதும் தெரியாது. சாயங்காலத்துக்குள் சென்னியப்பன் கதிரின் அம்மாவான தன் அக்காளிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனி முடிவதற்குள் அன்னூரில் பார்த்த வேறு மாப்பிள்ளையின் வீட்டார் வந்து உறுதி செய்வதாக ஏற்பாடு. இனியா எனக்குப் போன் செய்து, "அக்கா, உங்க டெஸ்ட்டு முழுசா முடிஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

அந்த வெங்கடம்மாளைச் சேர்த்தால்தான் கணக்கு மூன்றாவது குரோமோசோமுக்குப் போனது. நாலு பேருக்கும் பொதுவாக அங்கே ஒரு துண்டு இருந்தது. பன்னிரண்டாவதில் முதல் மூவருக்கும் நீளமான, அழகான பொதுத் துண்டு. வெங்கடம்மாளுக்கு அங்கே எதுவுமே இல்லை. அவர் ஒருவரால்தான் பன்னிரண்டைத் தள்ளிவைத்திருந்தோம்.

"எலி ஜீன் வேற, இவங்க ஜீன் வேறயா இருக்கலாம்" என்றார் மேடம்.

"இல்ல, நான் வெங்கடம்மாளைத் தப்பாப் பார்த்திருக்கலாம்."

இதைச் சொன்னது நானா என்று எனக்கே ஆச்சரியம். நான் என் தப்பை ஒத்துக்கொண்டதைப் பார்த்த சாட்சிகள் உலகத்தில் குறைவு. மேடம் என்னை உற்றுப் பார்த்தார்.

"போய்ப் பாத்துட்டு வா. ஆனா அங்க வாயைத் திறக்காத. ஒரு வாட்டி திறந்தது போதும்."

மறுநாளே சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டும் வரை டிரைவர் ஒவ்வொரு டீக்கடைக்கும் மரியாதை செய்துகொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியில் அயோடின் பாட்டில், மாவு, எண்ணெய். பக்கத்து சீட்டு அம்மாள் வைத்தியம் பார்க்கப் போகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுப் பின்பக்கத்தில் விறகடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெங்கடம்மாள் எழுந்து வந்தார். நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வேர்வை வழிந்து சொட்டியது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. ரவிக்கையின் முதுகு முழுக்க ஈரம்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"வாங்க கண்ணு, வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல சாப்புடுங்க."

"அம்மா, உங்களுக்கு வேர்க்குதே!"

"வேர்க்குதுங்க. அடுப்புக்கிட்ட இருந்தா வேர்க்காதுங்களா?"

"எப்பவுமே வேர்க்குமா?"

"எப்பவும்தானுங்க."

"அப்ப அன்னிக்கு நான் வேர்க்காதுன்னு சொன்னப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "நீங்க படிச்சவங்க, மருந்தெல்லாம் போட்டுப் பாத்துச் சொல்லிப்போட்டீங்க. ஊட்டு விசேஷத்துக்கு வந்தவங்கள அத்தன ஒறம்பரை சனத்துக்கு முன்னால இல்லைன்னு சொல்றதுங்களா? மனசு கஷ்டப்படுவீங்கல்ல."

என் மனசு கஷ்டப்படக்கூடாது என்று ஒரு மனுஷி தன் மகள் கல்யாணமே முறிவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னேனுங்க. அவரு, டெஸ்ட்டே சொல்லிப்போட்டுது, நீ என்னன்னு கேட்டாருங்க" என்றார். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், மனைவியின் முதுகு நனைவதை ஒருநாள்கூடப் பார்க்கவில்லையா? எனக்கு வந்த கோபத்தில் சென்னியப்பன் எதிரில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம். கோபத்தில் பாதி என்மேலேயே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் கேள்வி தீரவில்லை. இத்தனை வேர்க்கிற கையில் புள்ளி ஏன் விழவில்லை? மருந்து கெட்டிருந்தால் மற்ற பதினேழு பேருக்கும் தப்பாயிருக்கும். அவர்கள் முடிவு ஒவ்வொன்றும் அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போயிருந்தது.

சாப்பிடாமல் கையைத் தொடவிட மாட்டேன் என்றுவிட்டார் வெங்கடம்மாள். நாட்டுக்கோழிக் குழம்பு. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்படியும் மறுசோறு வாங்கினேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு எலுமிச்சை மூடியை நீட்டினார்.

"நல்லா அழுத்தித் தேச்சுப்போட்டு, லேசாக் கழுவிக்குங்க. கவுச்சி போயிரும்."

தேய்த்தேன். கழுவினேன். முதலில் என் கையிலேயே பூசிக் காட்டலாம் என்று பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் அயோடினைத் தடவினேன். பழுப்பு நிறம் படர்ந்தது. அடுத்த நொடி, என் கண்ணுக்கு முன்னால், மங்கியது. மங்கிக்கொண்டே போய்க் காணாமலே போனது.

எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி அயோடினை நிறமில்லாமல் ஆக்கிவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நிறம் போன அயோடின் மாவோடு சேர்ந்தாலும் கறுக்காது, எத்தனை வேர்த்தாலும் புள்ளி விழாது. பங்குனியில் வெங்கடம்மாள் கையிலும் நிறம் வெளுப்பாகத்தான் பிடித்தது. பாட்டிலில் மருந்து தீர்ந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டேன்!

"அம்மா! அன்னிக்கு நீங்க சாப்பிட்டுட்டுத்தானே கையைக் காட்டினீங்க? எலுமிச்சம்பழம் தேச்சீங்களா?"

"கெடாக்கறி தின்னுபோட்டுத் தேய்க்காம இருக்க முடியுங்களா?"

"வேற யாராச்சும் சாப்பிட்டுட்டு வந்தாங்களா?"

"இல்லீங்க. எல்லார்த்தையும் பந்திக்கு முன்னாலயே அனுப்பிப்போட்டேன். நாந்தான் கடைசி."

எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ரவிக்கை ஈரம் என் சட்டையில் ஒட்டியது. வெங்கடம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரும் என்னைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அவர் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, அரைமணி நேரம் காயவைத்து, மருந்து பூசினேன். எண்ணெய்மாவு தடவிய ஒரு நிமிடத்திலேயே உள்ளங்கை முழுக்கக் கடுகு கொட்டியதைப்போல் கரும்புள்ளிகள். போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த நொடியே போன் வந்தது. "பன்னெண்டு!" என்று மேடம் கத்தினார். கத்தாதே என்று எனக்குச் சொன்ன அதே மேடம். "வெங்கடம்மாளை வேர்க்கறவங்க பக்கம் மாத்திப் போட்டுட்டேன். மூணாவது காணாமப் போச்சு. பன்னெண்டு கோபுரம் மாதிரி நிக்குது. எலியோட கடைசிப் பகுதியும் அதுவும் அச்சா பொருந்துது, ஜெனிஷா!"

"இனியாவுக்கு என்ன வருது?"

"சொல்லமாட்டேன். நீ அங்கயே உளறிடுவ. அந்த வீட்டு மூணு பேருக்கும் புது மாதிரி எடுத்துட்டு வா, மறுபடி ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேடம் சொன்னது சரி. முதலில் வெங்கடம்மாளிடமும், இனியா வேலையிலிருந்து வந்ததும் அவளிடமும், தோட்டத்திலிருந்து திரும்பிய சென்னியப்பனிடமும் மாதிரி எடுத்தேன். எதற்கு மறுபடி என்றார் அவர். "நான் அன்னிக்குச் சொன்னது தப்புங்க, அம்மாவுக்கு நல்லா வேர்க்குது. மிச்சத்த முழுசாப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன். அவர் உள்ளங்கைப் போட்டோவையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். "வேர்த்தா மட்டும் இவகிட்ட இல்லைன்னு ஆயிருங்களா? ஒண்ணு இருந்தாலும் வேர்க்கும்னு நீங்கதான சொன்னீங்க? இவ பொறந்த ஊட்டுப் பக்கம்தான் வந்திருக்கோணும். அடுத்த வாரம் வெள்ளிக்கெழம அன்னூர்க்காரங்க வாராங்க" என்றார். வெங்கடம்மாள் உள்ளே போய்விட்டார். அது அவர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, மேடத்தின் காரில் போனோம். முந்தின நாள்தான் மேடம் என்னிடம் காகிதத்தைக் காட்டினார். இரண்டு முறை ஓட்டியும் ஒரே முடிவு. வழி முழுக்க நான் பேசவில்லை. மேடம் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்.

கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். "அவங்கவங்க முடிவ அவங்கவங்ககிட்டத் தனியாச் சொல்றதுதான் முறை" என்று மேடம் ஆரம்பித்தார்.

"ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது? எல்லார்த்துக்கும் முன்னாலயே சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

மேடம் விடவில்லை. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டார். வெங்கடம்மாள் சரி என்றார். இனியாவும் சரி என்றாள். பிறகு மேடம் என்னைப் பார்த்து, நீயே சொல் என்பதாகத் தலையசைத்தார்.

"இனியா, உனக்கு இல்ல. ரெண்டு பிரதியும் நல்லது. நீ கதிரைக் கட்டிக்கிட்டா குழந்தைங்க எல்லாருக்கும் வேர்க்கும்."

இனியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

சென்னியப்பன் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "அப்ப இவ அம்மாகிட்ட இருந்தது இவளுக்கு எறங்கல. தப்பிச்சுக்கிட்டா."

"அம்மாகிட்ட இல்லவே இல்லைங்க. அவங்களுக்கும் ரெண்டும் நல்லது."

"பின்ன இந்த ஊட்ல யாருகிட்டத்தான் இருக்குது?"

எனக்கு நாக்கு நுனியில் நின்றது. மேடத்தைப் பார்த்தேன். "உங்க முடிவையும் இங்கயே சொல்லலாமுங்களா?" என்று மேடம் நிதானமாக மறுபடி கேட்டார்.

"சொல்லுங்க, சொல்லுங்க."

"உங்ககிட்ட ஒண்ணு இருக்குதுங்க" என்றேன். "உங்க அக்காகிட்ட இருக்கற அதே துண்டு. நீங்க ரெண்டு பேரும் உங்க ஊட்டுப் பக்கத்துல இருந்து வாங்கினது. இனியாவுக்கு நீங்க நல்ல பிரதியக் குடுத்துட்டீங்க, அவ்வளவுதான்."

வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் வேட்டி நுனியைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"சரி. நல்லதுதான். வெங்கடு, அக்காளுக்கு ஒரு போனப் போட்டு, பேசுனது பேசுனபடியே வெச்சுக்கலாம்னு சொல்லீரு. அன்னூர்க்காரங்களுக்கும் நீயே பக்குவமாச் சொல்லிப்போடு."

"முடியாதுங்க" என்றார் வெங்கடம்மாள்.

குரல் உயரவில்லை. மரியாதைகூடக் குறையவில்லை. சென்னியப்பன் காதில் விழாததைப்போல் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு மாசமா என்ற பொறந்த ஊட்டுச் சீக்குன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. அக்காகிட்டயும் அப்புடித்தான் சொல்லி முறிச்சீங்க. போன்ல வேண்டாமுங்க. நீங்களே நேர்ல போங்க. யாருகிட்ட இருக்குதுன்னு உங்க வாயாலயே அக்காகிட்டச் சொல்லுங்க. அதுக்கப்பறம் பொண்ணக் கேளுங்க."

சென்னியப்பன் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். நாங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டினார். மேல் பட்டனைக் கீழ்த் துளையில் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவிக்காக அலமாரியைத் தடவினார்.

"ஆணியில மாட்டியிருக்குதுங்கப்பா" என்றாள் இனியா.